ஜூலை 22 அன்னிக்கு மட்டும் 518 சாவு: எந்த நம்பரை நம்புறது?

தூத்துக்குடி_தம்பி
வணக்கம் மக்களே. பொது சுகாதாரம் முதுகலை முதல் வருஷம் படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு 2020 தமிழ்நாடு கொரோனா டேட்டாவை எடுத்து வச்சுக்கிட்டு நாலு நாளா மண்டை காயுது. மூணு இடத்துல இருந்து எடுத்தேன். ஒன்னு மாநில சுகாதாரத்துறை சாயங்காலம் சாயங்காலம் விட்ட புல்லட்டின், ரெண்டாவது மத்திய அமைச்சகம் காலைல 8 மணி கணக்குன்னு போட்டது, மூணாவது தன்னார்வலர்கள் நடத்துன கோவிட்19இந்தியா தளத்தோட பழைய ஃபைல். ஒரே தேதிக்கு மத்திய கணக்கும் மாநில கணக்கும் ஒரு நாளாவது ஒத்துப்போனா கேளுங்க. மாவட்டத்தை எல்லாம் கூட்டுனா மாநில மொத்தம் வரல. இதெல்லாம் கூட பரவால்ல, ஜூலை 21 வரைக்கும் மொத்த சாவு 2,626ன்னு இருக்கு, மறுநாள் 3,144. ஒரே நாள்ல 518! க்ராஃப்ல சமவெளில தனியா நிக்கிற பனைமரம் மாதிரி ஒரு கோடு. கூட படிக்கிறவன் "அது அவுட்லையர், தூக்கிடு"ன்றான். இன்னொருத்தன் மூணையும் கூட்டி மூணால வகுத்துடுன்றான். என்ன பண்றது?

புள்ளிராஜா_2
ரெண்டு பேர் சொன்னதையும் கேக்காத. மொதல்ல அந்தப் பனைமரத்தை வெட்டாத, அது நிஜம், ஆனா அங்க நட்டது தப்பு.

518ஐ பிரிச்சுப் பாரு. 74 பேர் அன்னிக்கு வழக்கமா அறிவிச்ச சாவு. மிச்சம் 444 பேர் அதுக்கு முந்தின மாசங்கள்ல சென்னைல இறந்துபோய் மாநிலக் கணக்குல ஏறாம இருந்தவங்க. 2020 ஜூன்ல, மாநகராட்சி பிறப்பு இறப்பு பதிவேட்டுல இருக்குற கொரோனா சாவும் சுகாதாரத்துறை தினம் சொல்ற சாவும் ஒத்துப்போகலன்னு பத்திரிகைல வந்து பெரிய சர்ச்சை ஆச்சு ஞாபகம் இருக்கா? அதுக்குன்னு ஒரு கமிட்டி போட்டாங்க, அவங்க உக்காந்து பதிவேட்டையும் ஆஸ்பத்திரி ரெக்கார்டையும் வச்சு சரிபார்த்து இத்தனை பேரை சேர்க்கணும்னு சொன்னாங்க, அரசாங்கம் ஜூலை 22 அன்னிக்கு மொத்தமா சேர்த்துச்சு. அதாவது அந்த 444 பேர் ஜூலை 22ல சாகல, ஜூலை 22ல "கணக்குக்கு வந்தாங்க".

அதனால அதை டேபிள்ல தனி காலமா (column) வை. தினசரி போக்கு பாக்குற க்ராஃப்ல 74 மட்டும் போடு, மொத்தம் சொல்ற எடத்துல 444ஐயும் சேரு, கீழ ஒரு வரில ஏன்னு எழுது. முந்தின மாசங்களுக்கு நீயா பங்கு பிரிச்சு தெளிக்காத. ஒருவேளை தெளிச்சே ஆகணும்னா அது உன்னோட அனுமானம்னு கொட்டை எழுத்துல போடு.

தூத்துக்குடி_தம்பி
ஐயோ இது தெரியாம நான் ஜூலை மூணாவது வாரம் ரெண்டாவது அலையோட ஆரம்பம்னு ஒரு பத்தி எழுதிட்டேன் 😭

கொத்தவால்_சாவடி
அவ்ளோ நல்லவனுங்களா அவனுங்க? மறைச்சானுங்க, மாட்டிக்கிட்டானுங்க, சேர்த்தானுங்க. இதுக்கு போய் காலம், கமிட்டின்னு சால்ஜாப்பு. எங்க தெருவுல செத்தவங்களை நான் எண்ணுனேன், பேப்பர்ல வந்ததை விட ஜாஸ்தி.

புள்ளிராஜா_2
சாவடி அண்ணே, மறைக்கலன்னு நான் எங்க சொன்னேன்? நம்பர் ரெண்டு இருந்தா ஒருத்தன் பொய் சொல்றான்னு தான் மொதல்ல தோணும், சில சமயம் அது உண்மையும் கூட. ஆனா மறைச்சாங்கன்னு நிரூபிக்கணும்னாலும் இதே வேலையைத்தான் செஞ்சாகணும்: பேர் பேரா வச்சு இந்தப் பட்டியல்ல இருக்கான் அந்தப் பட்டியல்ல இல்லன்னு காட்டணும். சும்மா 444ன்ற வித்தியாசத்தை மட்டும் வச்சுக்கிட்டு கத்துனா எதிராளி "அது வேற டெஃபனிஷன்"னு ஒரே வார்த்தைல தப்பிச்சுப் போயிடுவான். சென்னைல ஆள் யார் யாருன்னு பதிவேட்டுல இருந்ததுனால தப்பிக்க முடியல.

நீங்க தெருவுல எண்ணுனதும் ஒரு பதிவேடு தான் அண்ணே, கிண்டல் பண்ணல. மொத்த சாவுல வழக்கத்தை விட எவ்ளோ கூடுச்சுன்னு பாக்குறதும் அதே யோசனை தான். உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து இந்தியாவுக்கு 47 லட்சம் கூடுதல் சாவுன்னு மதிப்பிட்டுச்சு, அரசாங்கக் கணக்கு 4.8 லட்சம். இந்தியா அந்த முறையையே ஒத்துக்கல. பீகார்ல 2021 ஜூன்ல ஒரே ராத்திரில 5,458ல இருந்து 9,429 ஆச்சு. மகாராஷ்டிரால 2020 ஜூன் 16 அன்னிக்கு பழைய சாவு 1,328 சேர்த்தாங்க. பெரு நாட்டுல 69 ஆயிரத்துச் சொச்சம் இருந்தது ஒரே அறிவிப்புல 1 லட்சத்து 80 ஆயிரம் ஆச்சு. இதுல எது அலட்சியம் எது மறைப்பு எது நிஜமான குழப்பம்னு ஒவ்வொன்னா தான் பாக்கணும்.

நைட்_டூட்டி_லேப்
லேப் டெக்னீஷியன் பேசுறேன். சாவு கணக்கை விடுங்க, கேஸ் கணக்குக்கு வருவோம், ஏன்னா அதுல எங்க கையும் இருக்கு.

லேப்ல நாங்க எண்ணுறது சாம்பிள், ஆள் இல்ல. 2020 ஆரம்பத்துல ஒருத்தரை டிஸ்சார்ஜ் பண்ணணும்னா திரும்பத் திரும்ப எடுத்து நெகட்டிவ் வரணும், அதனால ஒரே மனுஷன் மூணு நாலு தடவை எங்க மெஷினுக்குள்ள போயிட்டு வந்திருப்பாரு. ஒவ்வொரு தடவையும் புது எஸ்ஆர்எஃப் நம்பர் (சாம்பிளோட போற படிவத்தோட நம்பர்), 13 இலக்கம். அந்த நம்பரை வச்சு எண்ணுனா ஒரு ஆள் மூணு பாசிட்டிவ். அதனாலதான் தமிழ்நாடு புல்லட்டின்ல "பரிசோதித்த மாதிரிகள்" ஒரு நம்பரும் "பரிசோதிக்கப்பட்ட நபர்கள்" இன்னொரு நம்பரும் இருக்கும், தம்பி கவனிச்சியா? பாசிட்டிவ் சதவீதம் போடும்போது எதை கீழ வைக்கிறோம்னு பாக்காம போட்டவங்க ரொம்ப பேர்.

அப்புறம் 2020 ஏப்ரல்ல ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஒரு நம்பர் சொல்லும், மத்திய அமைச்சகம் ஒரு நம்பர் சொல்லும். லேப்ல ரிசல்ட் ஏத்துனவுடனே ஐசிஎம்ஆர் போர்ட்டல்ல போயிடும். அமைச்சகம் மாநிலம் சொல்றதை எடுக்கும். மாநிலம், அந்த ஆள் எந்த ஊர், ஏற்கனவே எண்ணுனவரா, பக்கத்து மாநிலமான்னு பாத்துட்டு தான் ஏத்தும். அமைச்சகம் வெப்சைட்ல கீழ பொடி எழுத்துல, நம்ம கணக்கை ஐசிஎம்ஆரோட வச்சு சரிபார்த்துட்டு இருக்கோம்னு போட்டிருந்தாங்க, எந்த மாநிலம்னு தெரியாத கேஸை "மாநிலங்களுக்கு மறுஒதுக்கீடு செய்யப்படுகிறது"ன்னு தனி வரியா வச்சிருந்தாங்க. அந்தப் பொடி எழுத்தை யாரும் படிக்கல, டிவில சண்டை தான் நடந்துச்சு.

பழைய_பேப்பர்
தம்பிக்கு காலை 8 மணி பிரச்சனை யாரும் சொல்லலயே. மத்திய கணக்கு ஜூலை 23 காலை 8 மணின்னா அதுல தமிழ்நாட்டுக்கு இருக்குறது ஜூலை 22 சாயங்கால புல்லட்டின். அதனால தேதிக்குத் தேதி வச்சா தினமும் ஒரு நாள் வித்தியாசம் தெரியும். ஒரு நாள் தள்ளி வச்சுப் பாரு, பாதி தலைவலி போயிடும். ஜூலை 22 புல்லட்டின்ல மொத்த கேஸ் 1,86,492. அதை மத்திய ஃபைல்ல 23ந்தேதி வரில தேடு.

தூத்துக்குடி_தம்பி
பழைய பேப்பர் சார், கும்பிடுறேன். ஒரு நாள் நகத்துனேன், கேஸ் காலம் கிட்டத்தட்ட மொத்தமும் ஒட்டிக்கிச்சு. நாலு நாள் போச்சே எனக்கு!!

இப்ப மாவட்டம். எல்லா மாவட்டத்தையும் கூட்டுனாலும் மாநில மொத்தத்தை விட கம்மியா வருது.

மூணாவது_ஷிஃப்ட்
தம்பி அட்டவணையோட அடில பாரு. மாவட்டம் எல்லாம் முடிஞ்சப்புறம் விமான நிலைய கண்காணிப்பு வெளிநாடு, விமான நிலையம் உள்நாடு, ரயில்வேன்னு தனித்தனி வரி இருக்கும். அவங்க எந்த மாவட்டத்துலயும் இல்ல, ஆனா மாநில மொத்தத்துல இருக்காங்க. நீ மாவட்டம் மட்டும் எடுக்குற மாதிரி காப்பி பண்ணிருப்ப.

நான் அப்ப டேட்டா என்ட்ரில இருந்தேன், வடமாவட்டம் ஒன்னுல, தற்காலிக போஸ்ட்டு, ஊர் பேர் ஆபீஸ் பேர் வேணாம். கோயம்பேடு மார்க்கெட் கேஸ் வெடிச்ச மே மாசம் சேர்ந்தேன், சேர்ந்த அன்னிக்கே லாரில வந்த கூலியாளுங்க லிஸ்ட்டு. சென்னைல தொத்திக்கிட்டு கடலூர்லயும் அரியலூர்லயும் விழுப்புரத்துலயும் டெஸ்ட் எடுத்தவங்களை எந்த ஊர் கணக்குல வைக்கிறது? தொத்துன எடமா, சாம்பிள் எடுத்த எடமா, ஆதார்ல இருக்குற எடமா, இப்ப படுத்திருக்குற எடமா? மொதல்ல கொஞ்ச நாள் ஆளுக்கொரு மாதிரி வச்சோம், அப்புறம் மேல இருந்து சொல்லி சொல்லி ஒரு வழிக்கு வந்துச்சு. அடுத்த மாவட்டத்துக்காரங்களை "க்ராஸ் நோட்டிஃபை" பண்ணுவோம், அதாவது இது உங்க ஆளு உங்க கணக்குல வச்சுக்கோங்கன்னு அனுப்புறது. அவங்க "எங்க ஆளு இல்ல, அந்த அட்ரஸ்ல வீடே இல்ல"ன்னு திருப்பி அனுப்புவாங்க. நடுவுல ஒரு நாள் அந்த மனுஷன் ரெண்டு மாவட்டத்துலயும் இருப்பாரு, இல்லன்னா ரெண்டுலயும் இருக்க மாட்டாரு. புல்லட்டின்ல நேத்து இருந்த மாவட்ட மொத்தம் இன்னிக்கு ஒன்னு ரெண்டு குறைஞ்சு இருக்கும் பாரு, அது இதுதான்.

கொத்தவால்_சாவடி
அதெப்படிம்மா மொத்தம் குறையும்? நேத்து வந்த நோய் இன்னிக்கு வராமப் போயிடுமா?

பழைய_பேப்பர்
குறையும் சாவடி. ஸ்பெயின்ல 2020 மே 25 அன்னிக்கு மொத்த சாவு 1,918 குறைஞ்சுச்சு, மாகாணங்கள் அனுப்புனதை ஆள் ஆளா சரிபார்த்தப்புறம். இங்கிலாந்து கதை இன்னும் ருசி. அங்க ஒரு தடவை பாசிட்டிவ் ஆனவர் எப்ப செத்தாலும் கொரோனா சாவுன்னு வச்சிருந்தாங்க, அதாவது ஏப்ரல்ல பாசிட்டிவ் ஆகி குணமாகி ஜூலைல பஸ் மோதி செத்தாலும் கொரோனா தான். ஆகஸ்ட் 12ல பாசிட்டிவ் ஆகி 28 நாளைக்குள்ள செத்தாத் தான்னு மாத்துனாங்க, 46,706 இருந்தது 41,329 ஆச்சு. 5,377 பேர். ஒருத்தரும் உயிரோட எழுந்து வரல, எண்ணுற விதி தான் மாறுச்சு.

மேல ஏறுறதும் அப்படித்தான். சீனாவுல ஹூபெய் மாகாணத்துல 2020 பிப்ரவரில ஒரே நாள் அறிவிப்புல 14,840 கேஸ் வந்து உலகமே பதறுச்சு. அதுல 13,332 பேர் டெஸ்ட் கிட் இல்லாம ஸ்கேனையும் அறிகுறியையும் வச்சு டாக்டர் முடிவு பண்ணவங்க. அதுவரைக்கும் அவங்களை எண்ணல, அன்னிக்கு எண்ண ஆரம்பிச்சாங்க. மறுநாளே 108 சாவை ரெண்டு தடவை எண்ணிட்டோம்னு கழிச்சாங்க. அப்புறம் ஏப்ரல் 17ல வூஹான்ல மட்டும் 1,290 சாவு சேர்த்து 3,869ன்னு திருத்துனாங்க. இதை எல்லாம் ஒரே கோடா வரைஞ்சா அது நோயோட கோடு இல்ல, கணக்குப்பிள்ளையோட கை நடுக்கம்.

நைட்_டூட்டி_லேப்
தமிழ்நாட்டுலயும் இந்த ஸ்கேன் கேஸ் இருக்கு. இங்க ஆர்டி-பிசிஆர் மட்டும் தான் கணக்குல எடுத்தாங்க, ரேபிட் ஆன்டிஜன்ற உடனடி டெஸ்ட்டை வச்சு ஓட்டுன மாநிலங்கள் மாதிரி இல்ல. அது பெருமை தான், ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. ஸ்கேன்ல நுரையீரல் ரெண்டும் வெள்ளையா இருக்கும், பிசிஆர் நெகட்டிவ்னு வரும், தொண்டைல குச்சி விட்ட விதத்துலயே கூட நெகட்டிவ் வரும். அவரு இறந்தா சர்ட்டிஃபிகேட்ல நிமோனியா. 2021ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் கொரோனால இறந்தவங்க குடும்பத்துக்கு 50,000 ரூபா நிவாரணம்னு முடிவானப்புறம் தான் எத்தனை வீட்டுல சர்ட்டிஃபிகேட்ல கொரோனான்ற அந்த ஒரு வார்த்தைக்காக அலைஞ்சாங்கன்னு தெரிஞ்சுச்சு.

பருத்தித்துறை_காத்து
வணக்கம். இலங்கையில இருந்து எழுதிறன், எங்கட பக்கத்துக் கதையும் ஒண்டு சொல்லலாம் எண்டு நினைச்சன். கொரோனா இல்லை, டெங்கு.

2017ல இலங்கையில 1,86,101 டெங்கு நோயாளர். அதே வருசம் முழு இந்தியாவுக்கும் 1,88,401. எங்கட சனத்தொகை ரெண்டு கோடிக்குக் கொஞ்சம் மேல, உங்கட சனத்தொகை உங்களுக்கே தெரியும். இதைப் பாத்துப்போட்டு இந்தியாவில இருக்கிற ஒரு சிநேகிதர் என்னட்ட "உங்கட நாட்டில நுளம்பு (கொசு) மட்டும்தான் இருக்கோ" எண்டு கேட்டவர். அந்த வருசம் எங்களுக்கு மோசமான வருசம் எண்டது உண்மை. ஆனா ரெண்டு எண்ணிக்கையும் ஒரே சாமானை எண்ணேல்லை.

இஞ்ச டெங்கு எண்டு சந்தேகம் வந்த உடனேயே வைத்தியசாலையில எச்544 எண்ட அறிவித்தல் காட் நிரப்பி அனுப்பிப் போடோணும், ஆய்வுகூட முடிவு வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கேலாது. அது நோயாளி இருக்கிற இடத்து எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்குப் போகும். அங்கயிருந்து பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சைக்கிளிலயோ மோட்டர்சைக்கிளிலயோ வீடு தேடிப் போய், ஆள் உண்மையா அங்க இருக்கிறாரோ, எப்ப காய்ச்சல் துவங்கினது, வளவுக்குள்ள தண்ணி தேங்கி நிக்குதோ எண்டு பாத்து 411 படிவம் நிரப்புவார். கொழும்பில வேலை செய்து கொண்டு காய்ச்சலோட யாழ்ப்பாணம் வந்து படுத்தவரை எங்க எண்ணுறது எண்ட பிரச்சினை எங்களுக்கும் இருக்கு. ஒவ்வொரு பெருநாள் லீவுக்குப் பிறகும் எங்கட பக்க எண்ணிக்கை ஏறும், பாதிப்பேருக்குக் கடிச்சது கொழும்பு நுளம்பு.

உங்கட பக்கம் ஆய்வுகூடத்தில உறுதிப்படுத்தினதைத் தானே எண்ணுறவை? லாப் தம்பி சொல்லட்டும்.

நைட்_டூட்டி_லேப்
ஆமாண்ணே. அதுவும் எலைசான்ற லேப் ரத்தப் பரிசோதனைல என்எஸ்1 (வைரஸோட புரதம்) இல்லன்னா ஐஜிஎம் (உடம்பு உண்டாக்குற எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் வந்தாத் தான். தனியார் க்ளினிக்ல பத்து நிமிஷத்துல கார்டு வச்சுப் பாத்து "டெங்கு பாசிட்டிவ்"னு சொல்றாங்கல்ல, அது அரசாங்கக் கணக்குல உறுதியான கேஸ் இல்ல. அதனாலதான் ஒரு தெருவுல பத்து பேருக்கு டெங்குன்னு ஜனங்க சொல்லுவாங்க, ஆபீஸ்ல கேட்டா ரெண்டுன்னு வரும். ரெண்டு பேருமே பொய் சொல்லல. என்எஸ்1 காய்ச்சல் வந்த மொத அஞ்சு நாள்ல தான் நல்லா தெரியும், ஐஜிஎம் அதுக்கப்புறம். ஆறாவது நாள் வந்தவனுக்கு என்எஸ்1 மட்டும் எடுத்துட்டு நெகட்டிவ்னு அனுப்புனா அவன் கணக்குலயே இல்ல. 2017ல தமிழ்நாட்டுக்கு அதிகாரபூர்வமா 23,294 கேஸ், 65 சாவு. அந்த அக்டோபர்ல ஏதாவது அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குள்ள போய் வந்தவங்க யாரும் அந்த நம்பரை அப்படியே முழுங்க மாட்டாங்க.

புள்ளிராஜா_2
காத்து அண்ணன் போட்டது தான் இந்த இழைலயே பெரிய விஷயம். 1,86,101ம் 1,88,401ம் பக்கத்துல பக்கத்துல நின்னா கண்ணு ஒப்பிடத் தான் பாக்கும். ஒன்னு வலையை அகலமா வீசி சந்தேகம்னாலும் உள்ள எடுக்குற முறை, அடுத்த வீட்டுக்குப் பரவுறதுக்குள்ள மருந்தடிக்க ஆள் போகணும்னா அதுதான் சரி. இன்னொன்னு சல்லடை. எது சரின்னு கேட்டா எதுக்குன்னு திருப்பிக் கேப்பேன். கொசு மருந்து எங்க அடிக்கணும்னா வலை, எத்தனை பேருக்கு நிச்சயமா டெங்குன்னா சல்லடை. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா ரெண்டுக்கும் உதவாத ஒரு நம்பர் கெடைக்கும்.

தம்பி, ஒவ்வொரு நம்பரோடயும் நாலு விஷயம் ஒட்டி வை. யாரை கேஸ்னு சொன்னாங்க, எந்த எல்லைக்குள்ள, எந்தத் தேதியை வச்சு, எத்தனை மணி வரைக்கும். எல்லைன்னதும் ஞாபகம் வருது, சென்னைன்னு நீ எழுதுறது மாவட்டம் சென்னையா, ஜனங்க பேசுற சென்னையா? தாம்பரமும் பல்லாவரமும் செங்கல்பட்டு. அந்த மாவட்டமே 2019 நவம்பர்ல தான் காஞ்சிபுரத்துல இருந்து பிரிஞ்சுச்சு, அதனால பழைய டெங்கு கணக்கோட காஞ்சிபுரத்தை ஒப்பிட்டா திடீர்னு நோய் பாதியானா மாதிரி தெரியும். நாகப்பட்டினத்துல இருந்து மயிலாடுதுறை பிரிஞ்சது இன்னொன்னு.

தூத்துக்குடி_தம்பி
அண்ணே இதை எழுதி செவுத்துல ஒட்டிட்டேன். தேதின்றது என்ன, சாவுத் தேதியா அறிவிச்ச தேதியா?

பழைய_பேப்பர்
கோவிட்19இந்தியா பசங்க அறிவிச்ச தேதில தான் போட்டாங்க, திருத்தம் வந்தா மைனஸ் போட்டு வரி சேர்ப்பாங்க. சம்பளம் வாங்காம ராத்திரி பகலா பண்ணாங்க, 2021 அக்டோபர் 31 வரைக்கும். அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், அவங்க அந்த மைனஸை மறைக்காம விட்டதுனால தான் இன்னிக்கு நம்ம எங்க இடிக்குதுன்னு தேட முடியுது.

சாவுத் தேதி வேணும்னா தமிழ்நாடு புல்லட்டினோட பின்பக்கங்களைப் படி. அந்தக் காலத்துல ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பத்தி எழுதிருப்பாங்க, பேர் இருக்காது. இத்தனை வயசு ஆண், இந்த ஊரு, சர்க்கரை, பிரஷர், இந்தத் தேதி காய்ச்சல் மூச்சுத்திணறலோட சேர்ந்தாரு, இந்தத் தேதி இத்தனை மணிக்கு இறந்தாரு. அதை உக்காந்து டைப் பண்ணா அறிவிச்ச நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடைவெளி தெரியும். நான் ஒரு வாரத்துக்குப் பண்ணிப் பாத்தேன், அதுக்கு மேல படிக்க முடியல. டேட்டான்னு தான் ஆரம்பிச்சேன்.

தூத்துக்குடி_தம்பி
சரி சார், நான் பண்றேன்.

இன்னொரு சந்தேகம், கொஞ்சம் வேற டாபிக். அடுத்த மாசம் ஒரு எடத்துல ஃபீல்டு போஸ்டிங், டெங்கு லைன் லிஸ்ட் (ஒரு நோயாளிக்கு ஒரு வரின்னு இருக்குற பட்டியல்) க்ளீன் பண்ணித் தரணுமாம். ஆயிரத்து நூறு வரி கிட்ட. ஆஸ்பத்திரி லிஸ்ட், லேப் லிஸ்ட், வீடு வீடா போன லிஸ்ட் மூணையும் ஒன்னாக்கணும். நான் இப்பவே ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். பேரும் போன் நம்பரும் ஒன்னா இருந்தா ஒன்னை வச்சுட்டு மிச்சத்தை டெலீட் பண்ணிடும். சூப்பரா ஓடுது.

மூணாவது_ஷிஃப்ட்
ஓடட்டும், டெலீட்டை மட்டும் எடு. சொல்றேன் கேளு.

எங்க லிஸ்ட்ல ஒரு தடவை ரெண்டு வரி. லட்சுமி, பெண், 34, ஒரு தெரு பேர், ஒரு போன் நம்பர். அடுத்த வரி லட்சுமி, பெண், 35, அதே தெரு, அதே நம்பர். வயசு ஒன்னு தான் வித்தியாசம், ஆதார்ல ஒன்னு வாய்ல ஒன்னு சொல்லுவாங்க, இது எங்களுக்கு சகஜம். நான் டூப்ளிகேட்னு மஞ்சள் அடிச்சுட்டு அழிக்கப் போனேன், பக்கத்துல இருந்த விஎச்என் அக்கா, அதாவது கிராம செவிலியர், "ஒரு போன் போட்டுரேன்"னாங்க. போட்டா எடுத்தது மாமனார். வீட்டுல மூத்த மருமகளும் லட்சுமி, இளைய மருமகளும் லட்சுமி. பெரிய லட்சுமி சின்ன லட்சுமின்னு தான் கூப்பிடுறாங்களாம். போன் அவர் ஒருத்தர்கிட்ட தான் இருக்கு, அதனால வீட்டுல யாருக்கு டெஸ்ட் எடுத்தாலும் அந்த நம்பர் தான். நான் அழிச்சிருந்தா சின்ன லட்சுமியைப் பாக்க யாரும் போயிருக்க மாட்டாங்க, அப்ப அவ வயித்துல ஏழு மாசம்.

தலைகீழாவும் நடக்கும். ஆஸ்பத்திரி லிஸ்ட்ல கே. செல்வி, அப்பா பேர் இனிஷியல். லேப் லிஸ்ட்ல செல்வி எம், புருஷன் பேர் இனிஷியல், அதுவும் பின்னாடி. வீட்டு லிஸ்ட்ல செல்வராணி. இங்கிலீஷ்ல அடிக்கும்போது ஒருத்தர் வி போடுவாரு ஒருத்தர் டபிள்யூ போடுவாரு. மூணும் ஒரே பொண்ணு. உன் ஸ்கிரிப்ட் மூணையும் மூணு பேர்னு எண்ணும். குடும்பப் பேர் வச்சு பொருத்துற மென்பொருள் எல்லாம் நம்ம ஊருக்கு ஆகவே ஆகாது, நமக்கு இருக்குறது இனிஷியல், அதுவும் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும்.

தேதியும் பாரு. 06/07ன்னு இருக்கும், ஜூலை ஆறா ஜூன் ஏழா? எக்செல் அதுவா ஒரு முடிவு எடுத்து மாத்தி வச்சுரும், 12க்கு மேல உள்ள தேதியை மட்டும் மாத்தாம விட்டுரும். லேப் தேதி காய்ச்சல் ஆரம்பிச்ச தேதிக்கு முன்னாடி இருந்தா அங்க ஏதோ தப்பு, அதைப் புடி.

புள்ளிராஜா_2
எக்செல்னதும் இங்கிலாந்து இன்னொரு தடவை. 2020 செப்டம்பர் 25ல இருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பாசிட்டிவ் காணாமப் போச்சு. பழைய எக்செல் ஃபார்மேட்ல 65,536 வரிக்கு மேல இடமில்ல, மிச்சம் சத்தமே இல்லாம வெட்டுப்பட்டுப் போச்சு. கணக்குல வராதது ஒரு பக்கம், அவங்களோட பழகுனவங்களைத் தேடிப் போகவே இல்லன்றது தான் வலி. மூணாவது ஷிஃப்ட் சொன்ன சின்ன லட்சுமி கதை தான், பெருசா.

கொத்தவால்_சாவடி
அந்தப் பொண்ணு நல்லா இருக்கா?

மூணாவது_ஷிஃப்ட்
நல்லா இருக்கா சார். பையன். இப்ப ஸ்கூலுக்கே போயிட்டு இருப்பான்.

எல்லாம் அப்படி முடியாது. ஒரு தடவை ராத்திரி எட்டரை மணிக்கு ரெண்டு லிஸ்ட்ல வயசு இடிக்குதுன்னு ஒரு வீட்டுக்கு அடிச்சேன். காலைல இருந்து எழுபது போன், எழுபத்தொன்னாவது அது. "சார் அம்மாவோட பேரும் வயசும் சரிபார்க்கணும்"னு எடுத்தவுடனே கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் அந்த பையன், "நேத்து எரிச்சுட்டு வந்தோம், சாம்பலுக்கு வயசு எவ்ளோன்னு போட்டுக்கோங்க"ன்னுட்டு வச்சுட்டாரு. ஆஸ்பத்திரில இருந்து அந்தத் தகவல் எங்களுக்கு வந்தது அதுக்கு மூணு நாள் கழிச்சு. வந்தப்ப ஊர் பேர் மாறி வேற ப்ளாக்ல இருந்துச்சு, நான் அந்த போன் பண்ணலன்னா ரெண்டும் ஒரே அம்மான்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்காக நான் கேட்ட விதம் சரின்னு ஆயிடாது.

பருத்தித்துறை_காத்து
அக்கா, எங்கட பிஎச்ஐமாருக்கும் உந்தப் பாடு இருக்கு. படிவத்தைக் கையில வச்சுக்கொண்டு வாசல்ல நிக்கேக்க வீட்டுக்குள்ள ஒப்பாரிச் சத்தம் கேக்கும். படிவத்தை மடிச்சுப் பொக்கற்றுக்க வச்சுப்போட்டு நாலு நாள் கழிச்சுப் போவினம். அந்த நாலு நாளும் கொழும்பில எங்கட எண்ணிக்கை குறைவாத்தான் நிக்கும்.

தூத்துக்குடி_தம்பி
டெலீட்டை எடுத்துட்டேன் அக்கா. இப்ப சந்தேகம் வந்தா மஞ்சள் மட்டும் அடிக்குது, மூல வரியைத் தொடாது, யார் எப்ப எதுக்காக சேர்த்தாங்கன்னு பக்கத்துல ஒரு காலம் வச்சிருக்கேன். மாதிரி ஃபைல் ஒன்னு அனுப்பிருந்தாங்க, ஓட்டிப் பாத்தேன், அறுபத்து சொச்சம் மஞ்சள். போஸ்டிங் சேர்ந்தா ஒவ்வொன்னுக்கும் நான் தான் போன் பண்ணணும் போல. எடுத்தவுடனே என்னன்னு பேசுறது?

மூணாவது_ஷிஃப்ட்
காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேளு. பேரு அப்புறம்.